பக்கத்துப் பெரிய நாடு: எல்லை மாறியபோது மக்கள் சொன்னது

பெரியதாழையிலிருந்து கரையோரமாகத் தெற்கே போனால் உவரி, கூத்தன்குழி, இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளி என்று ஊர்கள் வரும். கூட்டப்புளியைத் தாண்டினால் இன்று கன்னியாகுமரி மாவட்டம். 1949 வரை அது திருவிதாங்கூர் என்னும் வேறு அரசு. அதற்குத் தனி நாணயம் இருந்தது, ‘அஞ்சல்’ என்ற தனித் தபால் இருந்தது, ஆரல்வாய்மொழியில் சுங்கச்சாவடி இருந்தது. கடலில் மட்டும் அந்த எல்லைக்குப் பெரிய மதிப்பு இருந்ததில்லை. இந்தப் பக்கத்துக் கரைக்கும் அந்தப் பக்கத்துக் கரைக்கும் பேச்சு ஒன்று, வேதம் ஒன்று, கொள்வினை கொடுப்பினை உண்டு. மீன் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் கட்டுமரம் போகும்.

ஒரு சிறிய நாடு பக்கத்திலுள்ள பெரிய நாட்டோடு சேரும்போது அல்லது சேர்க்கப்படும்போது, அங்குள்ள மக்கள் என்ன நினைத்தார்கள் என்ற கேள்விக்கு வழக்கமாக ஓர் எண்ணைப் பதிலாகத் தருவார்கள். இத்தனை சதவீதம் ஆதரவு, இத்தனை சதவீதம் எதிர்ப்பு என்று சொன்னதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த எண் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் மக்கள் எந்தக் கேள்விக்கு விடை சொன்னார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்கிறேன். தெற்கே திருவிதாங்கூர், வடக்கே புதுச்சேரி, தொலைவில் சிக்கிம், கடலுக்கு அப்பால் இலங்கை ஆகிய நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. பெரிய நாட்டைப் பற்றிக் கேட்கப்பட்டபோதெல்லாம் மக்கள் பெரும்பாலும் தங்கள் தலைமேல் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவரைப் பற்றித்தான் பதில் சொன்னார்கள். பெரிய நாடு அவர்களுக்கு ஒரு வழி. தப்பிக்க வேண்டியிருந்தது பக்கத்தில் இருந்தவரிடமிருந்து.

இதற்கான மிகப் பழைய சான்று முத்துக்குளித்துறை எனப்படும் எங்கள் கரையிலேயே இருக்கிறது. 1530களில் இந்தக் கரையை ஆண்டவர் இன்னார் என்று ஒரே பெயரைச் சொல்ல முடியாது. பாண்டிய வழியினர், வேணாட்டு அரசர், விஜயநகரத்தின் படைத்தலைவர்கள் என்று பலரும் இதற்கு உரிமை கொண்டாடினார்கள், பலரும் வரி கேட்டார்கள். சலாபம் என்னும் முத்துக்குளிப்பின் உரிமையை ஒட்டி, இந்தக் கரையின் கடலோடிகளான பரதவருக்கும் காயல் கரையின் முஸ்லிம் கடல் வணிகருக்கும் மோதல் முற்றியது. குதிரை வணிகரான ஜொவாவோ த குருஸ் யோசனை சொல்ல, பட்டங்கட்டிகள் என்னும் ஊர்த் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். அதற்கு ஈடாகத் திருமுழுக்குப் பெறச் சம்மதித்தார்கள். 1536, 1537 ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் கத்தோலிக்கர் ஆனார்கள் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. 1538இல் வேதாளையில் நடந்த கடற்போருக்குப் பிறகு முத்துக்குளிப்பின் மேல் போர்த்துகீசியர் கை ஓங்கியது.

இதை மதமாற்ற வரலாறாக மட்டும் படிப்பது குறைவான படிப்பு. ஊர்த் தலைவர்கள் கூடிப் பேசி, ஆளும் கையை மாற்றிக்கொள்வது என்று எடுத்த முடிவு இது. அரசர்கள் கொடுத்து வாங்கியதல்ல, கரையிலிருந்து எழுந்தது. ஆனால் அவர்களுக்கு லிஸ்பனைப் பற்றி என்ன தெரியும்? போர்த்துகல் மன்னரின் சட்டம் எது, வரி எவ்வளவு என்று யாரும் விசாரித்திருக்க முடியாது. சலாபத்தில் யார் கை மேலே இருக்க வேண்டும் என்பதே அன்றைய கேள்வி. அதற்கு அவர்கள் தந்த விடை தெளிவாக இருந்தது. புதிய பாதுகாவலர் எப்படிப்பட்டவர் என்பது பிறகுதான் தெரிந்தது. 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியாரின் கடிதங்களில் இந்தக் கரையின் போர்த்துகீசியக் கேப்டன் செய்த கெடுபிடிகளைப் பற்றிய குமுறல் திரும்பத் திரும்ப வருகிறது. 1544இல் வடக்கிலிருந்து வந்த வடுகர் படை கரையோர ஊர்களைச் சூறையாடியபோது மக்கள் குமரிமுனையின் கடற்பாறைகளில் ஒண்டிக் கிடந்தார்கள். மணப்பாட்டிலிருந்து தோணிகளில் உணவு கொண்டுபோக வேண்டியிருந்தது.

1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. 1825இல் ஐரோப்பாவில் போட்ட உடன்படிக்கையின்படி ஆங்கிலேயருக்குக் கைமாறியது. இரண்டு முறையும் கரையில் யாரையும் கேட்கவில்லை. ஆனாலும் மக்கள் கருத்து என்ன என்பதற்கு ஒரு தடயம் உண்டு. டச்சுக்காரர் கத்தோலிக்கக் குருக்களை விரட்டிவிட்டுத் தங்கள் சீர்திருத்த சமயத்தைக் கொண்டுவரப் பார்த்தார்கள். பரதவர் மசியவில்லை. புதிய ஆட்சியாளரோடு முத்துக்குளிப்பில் ஒத்துழைத்தார்கள், சாதித் தலைவர் வழியாகப் பேரம் பேசினார்கள், கோயிலை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆள்பவர் மாறலாம், எங்களுடையது என்று ஒன்றை வைத்திருக்கிறோம், அதைத் தொடாதே என்பதே அந்த நடத்தையின் பொருள். வாக்குப்பெட்டி இல்லாத காலத்து மக்கள் கருத்தை இப்படித்தான் படிக்க முடியும். எதற்கு இணங்கினார்கள், எந்த இடத்தில் நின்றுகொண்டார்கள் என்பதிலிருந்து.

இனி எல்லைக்கு அப்பால் போவோம். 1947 ஜூன் 11 அன்று திருவிதாங்கூர் திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர், ஆங்கிலேயர் வெளியேறியதும் திருவிதாங்கூர் சுதந்திர நாடாகும் என்று அறிவித்தார். இதை ஒரு தனிமனிதரின் கிறுக்கு என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏறத்தாழ 60 லட்சம் மக்கள்தொகை, நீண்ட கடற்கரை, துறைமுகங்கள், தேயிலை, ரப்பர், தென்னை, இந்தியாவிலேயே உயர்ந்த எழுத்தறிவு, இவற்றோடு மணவாளக்குறிச்சி மணலில் தோரியம். அணுகுண்டு வெடித்து இரண்டே ஆண்டுகள் ஆன நிலையில் அந்த மணலுக்கு உலகச் சந்தையில் இருந்த மதிப்பைச் சி. பி. நன்றாக அறிந்திருந்தார். இன்றைய ஐக்கிய நாடுகள் சபையில் இதைவிடச் சிறிய நாடுகள் எத்தனையோ இருக்கின்றன. ஜின்னா வரவேற்றார். பாகிஸ்தானுக்குப் பிரதிநிதியையும் நியமித்தாயிற்று. எதிர்முனையில் இருந்த சாவர்க்கரும் ஆதரவுத் தந்தி அனுப்பினார்.

இத்தனை இருந்தும் அந்தச் சுதந்திரம் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. டெல்லியின் நெருக்கடி ஒரு காரணம். உள்ளூர் மக்கள் அதைத் தங்கள் சுதந்திரமாக ஏற்கவே இல்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். அதற்கான வித்து 1946இலேயே விழுந்துவிட்டது. திவான் அந்த ஆண்டு ஓர் அரசியல் திட்டத்தை முன்வைத்தார். வயதுவந்த எல்லோருக்கும் வாக்குரிமை உண்டு, ஆனால் சட்டசபையால் நீக்க முடியாத திவான் ஒருவர் நிர்வாகத்தை நடத்துவார். இதற்கு ‘அமெரிக்க மாதிரி’ என்று பெயர். ஆலப்புழைப் பக்கத்துக் கயிற்றுத் தொழிலாளர், மீனவர், விவசாயக் கூலிகள் அதற்குச் சொன்ன பதில் தெருவெங்கும் ஒலித்தது: ‘அமெரிக்கன் மாடல் அரபிக்கடலில்.’ அக்டோபர் கடைசி வாரம் புன்னப்புராவிலும் வயலாரிலும் துருப்புகளின் துப்பாக்கிக்கு முன்னால் மரவாரியைக் கூராக்கிச் செய்த ஈட்டிகளோடு நின்றவர்கள் அவர்கள். இறந்தோர் தொகை இன்றுவரை சர்ச்சைக்குரியது. நூற்றுக்கணக்கில் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

எட்டு மாதம் கழித்து அதே திவான், உங்கள் நாடு இனிச் சுதந்திர நாடு என்று சொன்னால் அந்தத் தொழிலாளி வீட்டில் அது என்னவாகக் கேட்டிருக்கும்? டெல்லிக்குக் கட்டுப்படாத திருவிதாங்கூர் என்றால் திவானைத் தட்டிக்கேட்க யாருமில்லாத திருவிதாங்கூர். திருவிதாங்கூர் மாநிலக் காங்கிரஸ் எதிர்த்தது, கம்யூனிஸ்டுகள் எதிர்த்தார்கள், சோசலிஸ்டுகள் எதிர்த்தார்கள். கூட்டங்கள் தடைசெய்யப்பட்டன. துப்பாக்கிச் சூடும் நடந்தது. ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் ஓர் இசை நிகழ்ச்சியிலிருந்து வெளியேறும்போது சி. பி. வெட்டுப்பட்டார். வெட்டியவர் கே. சி. எஸ். மணி என்ற இளைஞர். உயிர் தப்பிய திவான் சிகிச்சைப் படுக்கையிலிருந்தே அரசருக்கு இணங்கிப் போக யோசனை சொன்னார். ஜூலை 30 அன்று இந்தியாவோடு இணையச் சம்மதம் என்று சித்திரைத் திருநாள் மகாராஜா வைஸ்ராய்க்குத் தந்தி கொடுத்தார். ஆகஸ்டில் சி. பி. பதவி விலகி ஊரைவிட்டுப் போனார்.

திருவிதாங்கூரில் வாக்கெடுப்பு நடக்கவில்லை. நடந்திருந்தால் பெரும்பான்மை இந்தியாவுக்கே விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் திவான் ஆட்சி இல்லாமல், பொறுப்பாட்சியுள்ள தனித் திருவிதாங்கூர் வேண்டுமா என்று அன்று யாராவது கேட்டிருந்தால் எத்தனை பேர் எந்தப் பக்கம் போயிருப்பார்கள்? அந்தக் கேள்வி மக்கள் முன் வரவே இல்லை. மன்னரும் திவானும் அதை முன்வைக்கத் தயாராக இல்லை. சுதந்திரத்தைத் தங்கள் அதிகாரத்தோடு முடிச்சுப் போட்டவர்களே அதைக் கெடுத்தார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாம் எளிது. திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்களில் வாழ்ந்த தமிழருக்கு இந்தியாவோடு இணைந்தது முதல் படிதான். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய பகுதிகளைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கிளம்பியது. மார்ஷல் நேசமணி அதன் தலைவர்களில் முதன்மையானவர். 1948 தொடக்கத்தில் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமையோடு திருவிதாங்கூரில் தேர்தல் நடந்தபோது அந்தக் கட்சி 14 இடங்களைப் பிடித்தது. மாநிலம் முழுவதும் மாநிலக் காங்கிரசின் அலை அடித்த தேர்தல் அது. தமிழ்த் தாலுகாக்களில் மட்டும் அது எடுபடவில்லை.

இந்த 14 இடங்களை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரே நாள், ஒரே கேள்வி, ஆம் அல்லது இல்லை என்ற வாக்கெடுப்பைவிட இது வலுவான சான்று. ஏனென்றால் இதே கருத்து 1952 தேர்தலிலும் 1954 தேர்தலிலும் மீண்டும் மீண்டும் வெளிப்பட்டது. ஆள், கூட்டணி, ஆட்சி எல்லாம் மாறியும் அந்தத் தாலுகாக்களின் மனம் மாறவில்லை. அதன் காரணங்களும் கையில் எடுத்துக் காட்டக்கூடியவை. நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் மலையாளம், உத்தியோகத்தில் ஒதுக்கம், நாடார் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த இழிவு. தோள்சீலைப் போராட்டத்தின் நினைவு அந்த ஊர்களில் அப்போது நூறாண்டுதான் பழையது. சென்னையின்மேல் அவர்களுக்கு இருந்த பாசத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. திருவனந்தபுரத்தின்மேல் இருந்த கசப்பு அதற்கு முந்தியது என்கிறேன்.

1954 ஆகஸ்ட் 11 அன்று பட்டம் தாணுபிள்ளையின் பிரஜா சோசலிஸ்ட் ஆட்சியில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. பலர் மாண்டார்கள். ஒரு சோசலிஸ்ட் அரசு மக்களைச் சுடலாமா என்று கேட்டு, தன் கட்சியின் முதலமைச்சரையே பதவி விலகச் சொன்னார் ராம் மனோகர் லோகியா. கட்சி உடையும் அளவுக்கு அது போனது. 1955இல் மாநில மறுசீரமைப்புக் குழு தெற்குத் தாலுகாக்களைச் சென்னைக்குத் தரப் பரிந்துரைத்தது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. அங்கும் தமிழர் பெரும்பான்மை, அங்கும் அவர்கள் தங்கள் விருப்பத்தைத் தேர்தலில் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவர்களில் மிகுதியானோர் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தவர்கள் என்பதைக் குழு அவர்களுக்கு எதிராக வைத்தது. நிலத்தில் வேர்விட்டவன் வாக்கு ஒரு எடை, கூலிக்கு வந்தவன் வாக்கு வேறு எடை. இந்தத் தராசு எனக்கு அன்றும் இன்றும் அநீதியாகவே தெரிகிறது. இதே தராசு கடலுக்கு அப்பால் இன்னும் கொடூரமாக வேலை செய்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

புதுச்சேரிக்கு வருவோம். 1948இல் இந்தியாவும் பிரான்சும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. பிரெஞ்சு இந்தியாவின் எதிர்காலத்தை அங்குள்ள மக்களே வாக்களித்து முடிவுசெய்வார்கள் என்பது அதன் சாரம். சந்திரநாகூரில் 1949 ஜூனில் வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவுக்கு 7,473, எதிராக 114. புதுச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம் ஆகிய இடங்களில் அது நடக்கவே இல்லை. மிரட்டல் இல்லாத வாக்கெடுப்பு அங்கே சாத்தியமில்லை என்று டெல்லி சொன்னது. அடியாள் கூட்டங்கள் தெருவை ஆண்ட காலம் அது, ஆகவே அந்தக் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. 1954 மார்ச்சில் காற்று திடீரென்று திசை மாறியது. நேற்றுவரை பிரெஞ்சுப் பக்கம் நின்ற எடுவார்த் குபேர் இந்தியப் பக்கம் வந்தார், நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியை ஏற்றினார். அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. பிரான்சின் சட்டப்படியான ஒப்புதல் முடிந்து முழுமையாக இணைந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்று.

கீழூர் 178 பேரின் வாக்கு. பொதுமக்களின் வாக்கு அல்ல. அதனால் அது மக்கள் கருத்துக்கு முரணானது என்று சொல்லிவிட முடியாது. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் பிரெஞ்சுத் துருப்புகள் சுட்டு 12 ஆலைத் தொழிலாளர் செத்ததை அந்த ஊர் மறக்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையாவின் பின்னால் திரண்ட தொழிலாளர்க்குக் காலனி ஆட்சி போக வேண்டும் என்பதில் இரண்டு எண்ணம் இல்லை. அதே ஊரில் இந்தோசீனாவிலும் பிரெஞ்சுப் படையிலும் வேலைபார்த்துப் பென்ஷன் வாங்கிய ‘சொல்தா’ குடும்பங்களும் இருந்தன. 1962க்குப் பிறகு கொடுத்த ஆறு மாத அவகாசத்தில் ஏறத்தாழ 5,000 பேர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தார்கள். கீழூரின் 8 வாக்கைவிட இந்தத் தொகை எனக்கு அதிகம் சொல்கிறது. கையெழுத்துப் போட்டு, ஆவணம் கொடுத்து, தம் பிள்ளைகளின் வாழ்வையும் சேர்த்து எடுத்த முடிவு அது.

புதுச்சேரி மக்கள் வாய் திறந்து பேசியது கால் நூற்றாண்டு கழித்துத்தான். 1956இன் கையளிப்பு உடன்படிக்கையில் ஒரு விதி உண்டு: புதுச்சேரியின் நிர்வாக நிலையை மாற்றுவதானால் மக்கள் விருப்பத்தை அறிந்த பிறகே மாற்ற வேண்டும். பிரதமர் மொரார்ஜி தேசாய் சிறிய யூனியன் பிரதேசங்களைப் பக்கத்து மாநிலங்களோடு சேர்க்கும் எண்ணத்தை வெளியிட்டபோது, 1979 ஜனவரியில் புதுச்சேரி கொந்தளித்தது. கடையடைப்பு, ஊர்வலம், துப்பாக்கிச் சூடு, உயிரிழப்பு. யோசனை கைவிடப்பட்டது. தமிழ் பேசும் புதுச்சேரி, தமிழ்நாட்டோடு சேர்வதை எதிர்த்தது. இதைத் தமிழுணர்வுக் குறைவு என்று அன்று சிலர் திட்டினார்கள். அது சரியான வாசிப்பு அல்ல. விழுப்புரம் சாலையில் சில மைல் தள்ளி என்ன வரி, என்ன மருத்துவமனை, என்ன வேலைவாய்ப்பு என்று பார்த்த மக்கள், தமது சட்டசபையையும் தமது பட்ஜெட்டையும் இழக்க மாட்டோம் என்றார்கள். இந்தியாவுக்கு உள்ளே இருப்பதில் அவர்களுக்கு மனத்தடை எதுவும் இல்லை. 1967 ஜனவரியில் கோவாவும் மகாராஷ்டிரத்தோடு சேர மறுத்து வாக்களித்தது. சேர வேண்டாம் என்றவர்கள் 1,72,191 பேர், சேரலாம் என்றவர்கள் 1,38,170 பேர். இந்தியா எங்கும் இணைப்பு வாக்கெடுப்புகளில் இவ்வளவு நெருக்கமான முடிவு அரிது. இரண்டு பக்கமும் அச்சமின்றிப் பேச முடிந்த இடத்தில்தான் இப்படிப்பட்ட எண் வரும்.

இதற்கு நேர்மாறான எண் சிக்கிமுடையது. 1975 ஏப்ரல் 14 அன்று நடந்த வாக்கெடுப்பில் 59,637 பேர் ஆம், 1,496 பேர் இல்லை. 97 சதவீதத்துக்கு மேல். இந்த எண்ணைக் காட்டிச் சிலர் வாயை அடைப்பார்கள். இந்த எண்ணாலேயே எல்லாம் மோசடி என்று வேறு சிலர் முடிவுகட்டுவார்கள். என்னால் இரண்டையும் ஏற்க முடியவில்லை.

வாக்குச்சீட்டில் இருந்த கேள்வியைப் பாருங்கள். சோக்யால் என்னும் மன்னர் பதவி ஒழிக்கப்படுவதையும் சிக்கிம் இந்தியாவின் ஓர் அங்கமாவதையும் ஒரே தீர்மானமாகக் கட்டி, அதற்கு ஆமா இல்லையா என்று கேட்டார்கள். சிக்கிமின் மக்கள்தொகை அப்போது இரண்டு லட்சத்தைச் சற்றுத் தாண்டியது. அதில் பெரும்பான்மையினர் நேபாளி பேசுகிறவர்கள். அரசர் குலம் பூட்டியா. தேர்தல் முறையில் சிறுபான்மைப் பூட்டியா-லெப்சா மக்களுக்கும் பெரும்பான்மை நேபாளிகளுக்கும் சம இடங்கள். ஒரு நேபாளிக் குடியானவரின் வாக்குக்கு மற்றவரின் வாக்கைவிட எடை குறைவு. 1973 ஏப்ரலில் அரண்மனைக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. 1974 தேர்தலில் காஜி லெந்துப் தோர்ஜியின் சிக்கிம் காங்கிரஸ் 32இல் 31 இடங்களை வென்றது. மன்னர் போக வேண்டும் என்பதில் அந்த மக்களுக்கு இருந்த உறுதியைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. அந்த விருப்பத்தை இந்தியாவின் விருப்பத்தோடு ஒரே சீட்டில் சேர்த்துக் கட்டியதுதான் நியாயமற்றது. மன்னர் வேண்டாம், நாடு வேண்டும் என்று நினைத்த ஒருவர் எந்தப் பெட்டியில் போட்டிருப்பார்? வாக்கெடுப்புக்கு ஐந்து நாள் முன்பு, ஏப்ரல் 9 அன்று, இந்திய ராணுவம் அரண்மனைக் காவலரின் ஆயுதங்களைப் பறித்திருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மே 16 அன்று சிக்கிம் இந்தியாவின் 22ஆவது மாநிலமாயிற்று.

நான்கு ஆண்டுக்குப் பிறகு வந்த 1979 தேர்தலில், இணைப்பை நடத்திவைத்த காஜியின் கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அவரே தோற்றார். இணைப்பைக் கண்டித்துப் பேசிய நர் பகதூர் பண்டாரி முதலமைச்சரானார். 97 சதவீதம் எங்கே போனது? எங்கும் போகவில்லை. 1975இல் அவர்கள் அரண்மனைக்கு எதிராக வாக்களித்தார்கள். 1979இல் அரண்மனை இல்லை, புதிய அதிகாரிகளும் வெளியிலிருந்து வந்த வியாபாரிகளும் இருந்தார்கள். கேட்கப்பட்ட கேள்வி மாறியபோது விடையும் மாறியது. பண்டாரியும் பதவிக்கு வந்தபின் இந்தியாவை விட்டுப் பிரிவதைப் பற்றிப் பேசவில்லை, சிக்கிம் மக்களின் தனி உரிமைகளைப் பற்றித்தான் பேசினார். சிக்கிம் இணைப்பு தவறு என்று 1978இல் வெளிப்படையாகச் சொன்னவர் மொரார்ஜி தேசாய். அதே மொரார்ஜிதான் சில மாதங்களில் புதுச்சேரியை மக்களைக் கேட்காமல் கரைத்துவிடப் பார்த்தார். சிறிய இடத்தின் விருப்பத்தை மதிப்பது நல்ல மனம் படைத்த தலைவர்களுக்கும் எளிதல்ல.

கடைசியாக இலங்கை. அங்கே நடந்தது இணைப்பு அல்ல, இணைத்துவிடுவார்களோ என்ற அச்சம். அதன் விலையைக் கொடுத்தவர்கள் தமிழர்கள். அந்த அச்சம் ஆதாரமற்றதென்று சொல்ல முடியாது. 1945இல் நேரு, இலங்கை இந்தியக் கூட்டாட்சியில் தன்னாட்சியுள்ள ஓர் அலகாகச் சேரக்கூடும் என்று பேசினார். இந்துமாக்கடல் முழுவதும் இந்தியாவின் பாதுகாப்பு வளையம் என்று கே. எம். பணிக்கர் எழுதினார். சிங்கள வாக்காளர் இதையெல்லாம் படித்தார்கள், கேட்டார்கள். 1947இல் பிரிட்டனோடு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்து திருகோணமலைத் தளத்தை அவர்களிடமே விட்டுவைத்தபோது, இலங்கைப் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் மனத்தில் இருந்த ஆபத்து எந்தத் திசையிலிருந்து வந்தது என்று ஊகிப்பது கடினமல்ல.

பெரிய நாட்டின்மேல் இருந்த அச்சம் டெல்லியைப் போய்த் தொட முடியாது. அது மலையகத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர் தலையில் இறங்கியது. 1947 தேர்தலில் மலையகத் தமிழரின் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சில இடங்களை வென்றிருந்தது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் ஏழு லட்சம் பேர் அளவில் நாடற்றவராக்கியது. தொடர்ந்து வாக்குரிமையும் போனது. தலைமுறைகளாக அங்கேயே பிறந்து இறந்தவர்களை இந்தியாவின் ஒற்றர் போலப் பார்க்க அந்த அச்சம் போதுமானதாக இருந்தது. தேவிகுளம் பீர்மேட்டில் பிழைக்க வந்தவர் என்று கூறித் தள்ளிய அதே தராசு.

இந்தக் கரைக்கும் அதில் பங்குண்டு. தூத்துக்குடித் தோணிகளின் துறை கொழும்பு. பரதவர் பலர் அங்கே கடைவைத்தார்கள், குடியேறினார்கள். இந்தியத் தமிழர் என்ற பெயர் எவ்வளவு ஆபத்தானது என்று அவர்கள் கண்ணால் கண்டார்கள். நீர்கொழும்பிலும் கொழும்பிலும் வாழும் அவர்கள் வழியினர் இன்று இலங்கைக் குடிக்கணக்கெடுப்பில் ‘பரதர்’ என்ற தனி இனப்பிரிவாகப் பதிவாகிறார்கள். அதைச் சாதிப் பெருமையாக மட்டும் நான் பார்க்கவில்லை. இரண்டு நாட்டுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு சிறு சமூகம் எடுத்த தற்காப்பு என்றும் பார்க்கிறேன்.

மலையகத்தின் நாடற்றவர்களை இரண்டு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தில் 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது என்று முடிவாயிற்று. அந்த மிச்சத்தை 1974இல் இரண்டு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்த எண்களை எழுதுமுன் எந்தத் தோட்டத்து லயத்திலும் யாரையும் கேட்கவில்லை. மண்டபம் முகாமில் இறங்கியவர்கள் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும் நூற்பாலைகளுக்கும் மறுவாழ்வுக் குடியிருப்புகளுக்கும் சிதறினார்கள். இலங்கையிலேயே தங்கி எந்த நாட்டுக் குடியுரிமையும் கிடைக்காமல் இருந்தவர்களுக்கு இலங்கை நாடாளுமன்றம் குடியுரிமை வழங்கிச் சட்டம் இயற்றியது 2003இல். அந்தச் சட்டத்துக்கு அவர்கள் 55 ஆண்டுகள் காத்திருந்தார்கள்.